யாருடைய சர்வதேசம்? மலையுச்சிப் பள்ளி முதல் கார்ப்பரேட் பள்ளி வரை

1864ஆம் ஆண்டு லண்டனில் சர்வதேசத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. அன்று முதல் ‘சர்வதேசம்’ என்ற சொல்லுக்கு உழைப்பாளி மக்கள் அறிந்த பொருள் ஒன்றே: எல்லைகளைக் கடந்து உழைப்பவர் ஒன்றுபடுதல். இன்று நம் நகரங்களின் புறவழிச்சாலைகளில் அச்சொல் பள்ளிகளின் வாயில் வளைவுகளில் மின்னுகிறது. அங்கே அதன் பொருள் வேறு. பக்கத்துத் தெருவில் வாழும் துப்புரவுத் தொழிலாளியின் குழந்தையோடு ஒரே பெஞ்சில் அமராமல் இருக்கும் வசதிக்கு இன்று ‘சர்வதேசம்’ என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

இதைப் பற்றி நம் அணிகளிலேயே ஒரு கருத்து நிலவுகிறது. ‘அது பணக்காரர்களின் விவகாரம், அவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், நமக்கு அரசுப் பள்ளியைக் காப்பதே வேலை’ என்பது அக்கருத்து. பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும் இது தவறானது. சர்வதேசப் பள்ளி, அரசின் கைபடாமல் தானாக முளைத்த ஒன்றன்று. தாராளமயத்தோடு திடீரென வந்திறங்கியதுமன்று. 170 ஆண்டுகளாக அரசின் நிலமும் சட்டமும் சலுகையும் கொண்டு வளர்க்கப்பட்ட ஏற்பாடு அது. அரசுப் பள்ளியின் வீழ்ச்சியும் அதன் எழுச்சியும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். அந்த வரலாற்றை அறியாமல் அரசுப் பள்ளியைக் காக்கும் போராட்டம் முழுமை பெறாது.

1854: ஒரே ஆண்டில் இரு நிகழ்வுகள்

இமயத்தின் அடிவாரத்தில், டேராடூனுக்கு மேலே அமைந்தது முசூரி. அதன் உச்சிப் பகுதியான லாண்டூரில் 1820களின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஓய்விடம் அமைத்தது. சமவெளியின் வெயிலிலிருந்தும் மக்களிடமிருந்தும் விலகி வாழ ஆட்சியாளர் கட்டிய மலைநகரங்களுள் அதுவும் ஒன்று. 1854இல் அங்கே உட்ஸ்டாக் பள்ளி தொடங்கப்பட்டது. 1870களில் அது அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் பொறுப்பில் வந்தது. பெண்களுக்கான புராட்டஸ்டண்ட் பள்ளியாகத் தொடங்கிய அது, காலப்போக்கில் வட இந்தியா முழுவதும் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியாயிற்று.

மிஷனரிகள் இந்நாட்டுக் கல்விக்கு ஆற்றிய பங்கை நாம் மறுக்கவில்லை. சாதி இந்துக்கள் கதவடைத்த காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் பெண்களுக்கும் எழுத்தறிவு தந்ததில் அவர்களுக்கு முக்கியப் பங்குண்டு. ஆனால் கிராமத்து மிஷன் பள்ளியில் தந்தை பாடம் நடத்தினார். அவருடைய பிள்ளையோ மலையுச்சியில் வேறு பள்ளியில் படித்தது. கற்பிப்பவரின் பிள்ளையும் கற்பவரின் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டியதில்லை என்ற விதி காலனிய ஆட்சியில் இயல்பாகக் கருதப்பட்டது. பிற்காலத்தில் சர்வதேசப் பள்ளி என்று பெயர் பெற்ற ஏற்பாட்டின் வேர் இந்த விதியில் இருக்கிறது.

அதே 1854இல்தான் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. வெகுமக்கள் கல்வி பற்றி அது நல்ல சொற்களைப் பேசியது. நடைமுறையில் அது நிலைநாட்டியது மானிய முறையை. பள்ளி நடத்தும் பொறுப்பைத் தனியாரிடம் விட்டு, அரசு ஓரளவு உதவித்தொகை தந்து ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்று ‘பொது–தனியார் கூட்டு’ என்று புதுமைபோல் பேசப்படுவதன் பாட்டன் அந்த அறிக்கையிலேயே பிறந்துவிட்டான்.

இதன் விளைவை முதலில் தெளிவாகச் சுட்டிக் காட்டியவர் ஜோதிராவ் பூலே. 1882இல் ஹண்டர் ஆணையத்தின்முன் அவர் வைத்த வாதம் எளிமையானது: அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவர்களின் உழைப்பிலிருந்து வருகிறது, அவ்வருவாயில் நடக்கும் உயர்கல்வியின் பலனோ மேல்தட்டினருக்குப் போகிறது, எனவே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கி அதற்குச் செலவிட வேண்டும். கோகலே 1911இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு அது 38க்கு 13 என்ற வாக்குகளில் தோற்கடிக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் வெள்ளை அதிகாரிகள் மட்டுமல்ல, இந்திய நிலப்பிரபுக்களும் இருந்தனர். கூலிக்காரன் பிள்ளை படித்தால் வயலில் இறங்க ஆள் ஏது என்பதே அவர்களின் கவலை.

முசூரி போன்ற மலைநகரங்களுக்குத் துரைமார் பிள்ளைகளின் பெட்டிகளைச் சுமந்து ஏறியவர்கள் மலைவாழ் உழைப்பாளிகள். அருகிலிருந்த குமாவோன் மலைகளில் கூலியின்றிச் சுமை தூக்க வைக்கும் ‘பேகார்’ முறையே நடைமுறையில் இருந்தது. 1921 ஜனவரியில் பாகேஸ்வரில் திரண்ட மக்கள் கட்டாய உழைப்புப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி அதற்கு முடிவு கட்டினார்கள். அந்தப் பதிவேடுகளில் பெயர் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அம்மலைகளில் எந்தப் பள்ளி இருந்தது? மலையுச்சிப் பள்ளிகளின் பெருமைமிகு வரலாற்று நூல்களில் இக்கேள்விக்கு இடமிருக்காது.

விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த விதி

வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பள்ளி இருப்பதை இந்திய மேல்தட்டினர் எதிர்த்தார்கள். தங்களுக்கும் அப்படியொன்று வேண்டும் என்பதற்காக எதிர்த்தார்கள். 1935இல் டேராடூனில் டூன் பள்ளி தொடங்கப்பட்டது. ஈட்டன் பள்ளியின் ஆசிரியராயிருந்த ஆர்தர் ஃபுட் முதல் தலைமையாசிரியராக அழைத்துவரப்பட்டார். அரசின் வன ஆராய்ச்சி நிலையம் முன்பு இயங்கிய சாந்த்பாக் வளாகமே பள்ளியின் இடமாயிற்று. இங்கிலாந்துப் பிரபுக்களின் பள்ளி இந்திய வடிவம் எடுத்தபோதே அதற்கு இடம் கொடுத்தது அரசின் சொத்து என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று வாக்களித்தது. அக்கெடு 1960இல் முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரல் 1 அன்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தனிப்பள்ளிகள் தழைத்தன.

1959ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு உட்ஸ்டாக் பள்ளி அமெரிக்காவின் மிடில் ஸ்டேட்ஸ் கல்விச் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவின் மண்ணில் இயங்கும் பள்ளியின் தரத்தை அமெரிக்க அமைப்பு மதிப்பிட்டதில் தில்லி ஆட்சியாளர்களுக்கு எந்தச் சங்கடமும் ஏற்படவில்லை. அதே ஆண்டு ஜூலை 31 அன்று கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை கலைக்கப்பட்டது. அது செய்த குற்றங்களில் முதன்மையானது எது? ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்விச் சட்டம். தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்கும், நியமனத்தில் நிர்வாகியின் விருப்புவெறுப்புக்கு வரம்பு இருக்கும் என்றது அச்சட்டம். அதற்கே ‘விமோசன சமரம்’ என்ற பெயரில் நிலப்பிரபுக்களும் சாதி அமைப்புகளும் பள்ளி உரிமையாளர்களும் கைகோத்துத் தெருவில் இறங்கினார்கள். தனியார் பள்ளிமீது கைவைத்த ஒரு மாநில அரசு வீழ்த்தப்பட்டது. பள்ளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எந்த அளவுக்கு வர்க்கக் கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி ஆணையம் கம்யூனிஸ்டுகளின் ஆணையமன்று. அதுவே பணம் படைத்தவரின் பிள்ளைகளும் ஏழைகளின் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படிப்பது சமூகத்தைப் பிளக்கும் என்று எச்சரித்தது. பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்கச் சொன்னது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பொதுப்பள்ளி முறையை ஏற்றுக்கொண்டது. ஆனால் செயல்வடிவம் பெறவில்லை. ஆறு விழுக்காடு இன்றுவரை எட்டப்படவில்லை. 1986இல் புதிய கல்விக் கொள்கையைக் கொண்டுவந்த பிரதமர் ராஜீவ் காந்தியே டூன் பள்ளியில் படித்தவர். அக்கொள்கை தந்த நவோதயா பள்ளிகள் கிராமப்புறப் பிள்ளைகள் சிலருக்கு வாய்ப்பளித்தன என்பது உண்மை. எனினும் எல்லாப் பள்ளிகளையும் உயர்த்துவதற்குப் பதிலாக மாவட்டத்துக்கு ஒரு பள்ளியை உயர்த்தி, மற்றவற்றை விட்ட இடத்தில் விடுவதே அதன் தருக்கம்.

சந்தையின் சர்வதேசம்

1968இல் ஜெனீவாவில் ‘இன்டர்நேஷனல் பேக்கலாரியட்’ அமைப்பு உருவானது. நாடுவிட்டு நாடு மாறும் தூதரக அலுவலர், ஐ.நா. ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் தேவைப்பட்டது. அத்தேவை உண்மையானது. மிஷனரிப் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் பள்ளி, இந்தியாவிலேயே முதலாவதாக 1976இல் அப்பாடத்திட்டத்தை ஏற்றது.

1991க்குப் பின் நிலை மாறியது. பன்னாட்டு மூலதனம் உள்ளே வந்தது. இந்தியப் பெருமுதலாளிகள் வெளியே போனார்கள். அவர்களுக்கும் அவர்களின் உயர் அலுவலர்களுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி தேவைப்பட்டது. 2003இல் மும்பையில் திருபாய் அம்பானி சர்வதேசப் பள்ளி திறக்கப்பட்டது. பிர்லா, ஓபராய் என்று அடுத்தடுத்த பெயர்கள் வந்தன. இன்று அந்த ஜெனீவாப் பாடத்திட்டத்தை மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியப் பள்ளிகள் நடத்துகின்றன. உட்ஸ்டாக் பள்ளி உட்பட இவ்வரிசையின் முன்னணிப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. நாடு மாறும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஏற்பாடு, நாட்டைவிட்டு மாற விரும்பும் வர்க்கத்தின் ஏற்பாடாகிவிட்டது.

பெயர் மட்டும் கீழ்நோக்கிப் பரவுகிறது. சிறுநகரத்தில் தகரக் கூரையின்கீழ் நடக்கும் பள்ளிகூட ‘இன்டர்நேஷனல்’ என்று பெயர்ப்பலகை வைக்கிறது. அங்கே பணிபுரியும் ஆசிரியைக்குக் குறைந்தபட்சக் கூலியும் உறுதியில்லை. நகையை அடகுவைத்துக் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்குக் கிடைப்பது அம்பானி பள்ளியன்று, அதன் பெயரின் நிழல் மட்டுமே.

யார் பணம்?

‘தங்கள் பணத்தில் படிக்கிறார்கள்’ என்ற வாதத்துக்கு வருவோம். கல்வி வணிகமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் கூறியது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் ‘நியாயமான உபரி’க்குக் கதவைத் திறந்துவிட்டபோதும் கொள்ளை லாபம் கூடாது என்றது. ஆகவே இப்பள்ளிகள் பெரும்பாலும் அறக்கட்டளை அல்லது சங்கம் என்ற பெயரில் இயங்குகின்றன. அறப்பணிக்குரிய வருமான வரி விலக்கை அனுபவிக்கின்றன. மேல்நிலைக் கல்வி வரை கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பத்து லட்சம் கட்டணம் வாங்கும் பள்ளிக்கும் இது பொருந்தும். ஏழைப் பிள்ளை வாங்கும் பென்சிலுக்கும் நோட்டுக்கும் பல்லாண்டுக் காலம் வரி விதித்த அதே ஆட்சியில்தான் இது நடந்தது.

நிலத்தையும் பாருங்கள். தில்லியின் புகழ்பெற்ற தனியார் பள்ளிகள் பல, தில்லி வளர்ச்சி ஆணையம் ஒதுக்கிய நிலத்தில் நிற்கின்றன. 2004இல் மாடர்ன் ஸ்கூல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டு நிபந்தனைகள் அப்பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் என்றும், அவ்வாறு நிபந்தனை உள்ள இடங்களில் அரசின் ஒப்புதலின்றிக் கட்டணத்தை உயர்த்த முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. நிலம் பொதுமக்களுடையது, வரிவிலக்கு பொதுமக்களுடையது, வாயிலில் நிற்கும் காவலாளி மட்டும் பொதுமக்களை உள்ளே விடமாட்டார் என்றால், இதைத் ‘தனியார் விவகாரம்’ என்று நாம் எப்படி ஒதுக்க முடியும்?

சட்டம் திறந்த கதவும் அடைத்த கதவும்

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, மானியமற்ற தனியார் பள்ளிகளும் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு வழங்க வேண்டும் என்றது. இது பொதுப்பள்ளி முறையன்று. ஏழைப் பிள்ளைக்காக அரசுப் பணத்தைத் தனியாருக்குத் தரும் குறையும் இதிலுண்டு. அதைக்கூடத் தனியார் பள்ளிகளால் ஏற்க முடியவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் மானியம் பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்களித்தது. 2014இல் பிரமதி வழக்கில் அரசமைப்பு அமர்வு, மானியம் பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அவ்விலக்கை விரித்தது. 2024இல் மகாராஷ்டிர அரசு, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ மானியப் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிக்கு இந்தக் கடமை இல்லை என்று விதியைத் திருத்தியது. பம்பாய் உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை ரத்து செய்தது. ஏழைப் பிள்ளை உள்ளே வருவதைத் தடுக்க ஒரு மாநில அரசே முனைந்தது என்பதே இதில் அரசியல் செய்தி.

சிறுபான்மையினரின் கல்வி உரிமை குறித்து நம் நிலையில் குழப்பம் கூடாது. சங் பரிவாரத்தின் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கும் சிறுபான்மை மக்களின் நிறுவனங்களைக் காப்பது நம் கடமை. ஆனால் 30ஆவது பிரிவு ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கல்வி தர அளிக்கப்பட்ட பாதுகாப்பு. அப்பிரிவின் நிழலில் கோடீசுவரர்களின் பள்ளி ஒளிந்துகொள்வதால் ஏழை முஸ்லிமுக்கும் ஏழைக் கிறித்தவருக்கும் என்ன பயன்? இக்கேள்வியை அந்தச் சமூகங்களின் உழைக்கும் மக்களோடு சேர்ந்தே நாம் எழுப்ப வேண்டும். வகுப்புவாதிகளின் கையில் அதை ஆயுதமாகக் கொடுத்துவிடக் கூடாது.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. அரசு ஊழியர், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் உள்ளிட்ட அரசுக் கருவூலத்தில் ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்யுமாறு உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அத்தீர்ப்பு நிறைவேறவில்லை. பத்தாண்டு கழித்து 2025இல் அதே மாநில அரசு மற்றோர் ஆணையை வெளியிட்டது: மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைப்பது. முதல் ஆணை தூசி படிந்து கிடக்க, இரண்டாம் ஆணை விரைந்து நடந்தது. ஆட்சியாளர் பிள்ளைகள் படிக்காத பள்ளிக்கு இதுதான் கதி.

நாடு முழுவதன் கணக்கையும் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தந்திருக்கிறது. 2014–15இல் சுமார் 11 லட்சத்து 7 ஆயிரமாக இருந்த அரசுப் பள்ளிகள், 2023–24இல் சுமார் 10 லட்சத்து 17 ஆயிரமாகக் குறைந்தன. அதே காலத்தில் தனியார் பள்ளிகள் 2 லட்சத்து 88 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 31 ஆயிரமாகப் பெருகின. இதற்கிடையே பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்குரிய ‘சமக்ர சிக்ஷா’ நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மூடப்படும் பள்ளிக்குப் பணமில்லை. முத்திரை குத்திய பள்ளிக்கு மட்டும் பணம்.

பாடநூல் ஒன்றானால் போதுமா?

தமிழ்நாட்டின் அனுபவம் ஒரு பாடத்தைத் தருகிறது. சமச்சீர் கல்விக்காக நடந்த நீண்ட போராட்டத்தின் முடிவில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அது பெரும் வெற்றி. ஆனால் பாடத்திட்டம் ஒன்றானதும் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல மத்திய வாரியத்துக்கு மாறின; மேலும் சில ‘இன்டர்நேஷனல்’ ஆயின. பிரிவினைக்குப் பாடநூல் ஒரு கருவி மட்டுமே. அதைப் பறித்தால் இன்னொன்றை எடுத்துக்கொள்வார்கள். பள்ளியே பொதுவாக வேண்டும். ஒரு வட்டாரத்தில் வாழும் எல்லாப் பிள்ளைகளும், ஆட்சியர் பிள்ளையும் ஆட்டோ ஓட்டுநர் பிள்ளையும், அந்த வட்டாரத்தின் பள்ளியிலேயே படிக்க வேண்டும். அருகமைப் பொதுப்பள்ளி என்ற முழக்கத்தின் பொருள் இதுவே.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குக் கேரளம் ஒரு பகுதி விடையைத் தருகிறது. 2016இல் ஆட்சிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி அரசு பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கி, 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கியது. தனியார் பள்ளியிலிருந்த பிள்ளைகள் பொதுப்பள்ளிக்குத் திரும்பும் போக்கு அங்கே காணப்பட்டது. நல்ல பள்ளி அருகில் இருந்தால் பெற்றோர் அதை நாடுவார்கள். ‘பெற்றோரின் தேர்வு உரிமை’ என்று பேசுவோர், அருகிலுள்ள அரசுப் பள்ளியைச் சீரழித்துவிட்டுத் தேர்வைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இல்லை.

நம் கடமை

தோழர்களில் பலர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். இதைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக்கி ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவதால் ஒரு அரசுப் பள்ளியும் பிழைக்காது. சிதைக்கப்பட்ட பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் தாய் நம் எதிரியல்லள். ஆனால் பிள்ளையை வெளியே எடுத்ததும் அந்தப் பள்ளியையே மறந்துவிடுவது அரசியல் தவறு. நம் பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும் அது நம் பள்ளி.

செய்ய வேண்டிய வேலைகள் தெளிவானவை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. பல இடங்களில் அது காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. கிளைகள் தம் பகுதிப் பள்ளியின் குழுவில் பெற்றோரைத் திரட்டி அதை உயிர்ப்பிக்க வேண்டும். பள்ளி இணைப்பு, மூடல் ஆணைகளை வெளிவந்த நாளிலேயே எதிர்க்க வேண்டும். தம் பகுதித் தனியார் பள்ளிகள் அரசு நிலத்தில் நிற்கின்றனவா, ஒதுக்கீட்டு நிபந்தனை என்ன என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று மக்கள்முன் வைக்க வேண்டும். 25 விழுக்காட்டு இடங்கள் உரியவர்களுக்குப் போகின்றனவா என்று கண்காணிக்க வேண்டும். அப்பள்ளிகளில் சொற்ப ஊதியத்துக்கு உழைக்கும் ஆசிரியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், ஆயாக்கள் ஆகியோரைச் சங்கத்தில் திரட்ட வேண்டும். அவர்களும் நம் வர்க்கமே.

170 ஆண்டுகளுக்கு முன் மலையுச்சியில் இடப்பட்ட கோடு இன்று ஒவ்வொரு நகரத்தின் நடுவிலும் ஓடுகிறது. அதை இட்டது அரசு. எனவே அதை அழிக்க அரசை நிர்ப்பந்திக்க முடியும். நிர்ப்பந்திக்க வேண்டியவர்கள் நாம். நாட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் கற்கும் நாளில்தான், உலகத் தொழிலாளரோடு கைகோக்கும் தலைமுறை இங்கே உருவாகும். அந்தச் சர்வதேசத்துக்குக் கட்டணம் இல்லை.